ஸ்காபரோப் பனியில் பின்சில்லுத் தள்ளும் கார்

கேள்வி: ஐயா, எனக்கு வயது 27. ஸ்காபரோவில், மார்க்கம் வீதியும் எல்ஸ்மெயரும் சந்திக்கும் இடத்துக்குக் கிட்ட, அப்பா அம்மாவுடன் இருக்கிறேன். ஒஷாவாவில் ஒரு மருத்துவமனை ஆய்வுகூடத்தில் வேலை. காலை ஏழு மணிக்கு நிற்கவேண்டும். இப்போது ஓடுவது 2012 கொறோலா. சின்ன வயதிலிருந்து ஒரு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. 2017 ரொயோட்டா 86 ஒன்று பார்த்துவைத்திருக்கிறேன்: மானுவல் கியர், 95,000 கி.மீ ஓடியது, ஸ்பிறிங் மாற்றி உயரம் குறைத்திருக்கிறார்கள். தனியார் விற்பனை, 19,500 டொலர். என்னிடம் சேமிப்பு 20,000. அப்பா, "பின்சில்லுக் கார் பனிக்குள் பம்பரம் மாதிரிச் சுத்தும், மடத்தனம்" என்கிறார். அவர் இப்போது கார் ஓடுவதில்லை. முழங்கால் வருத்தக்கார அம்மாவை டொக்ரரிடம் கூட்டிப்போவதும் நான்தான். கொறோலாவுக்கு வாங்கிய ஸ்னோ ரயர் றிம்மோடு இருக்கிறது (205/55 ஆர்16), அதையே இதற்குப் போடலாமா? டிக்கிக்குள் மணல் மூட்டை போட்டால் போதும் என்று ஒரு நண்பன் சொல்கிறான். கொறோலாவை விற்றுவிட்டு இந்த ஒரு காரோடு வருடம் முழுக்கச் சமாளிக்கலாமா?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பின்சில்லுத் தள்ளும் காரோடு (இயந்திரத்தின் விசை பின்சில்லுகளுக்குப் போகும் கார்) ஒன்ராறியோவில் வருடம் பன்னிரண்டு மாதமும் ஓடலாம். ஆனால் நீங்கள் பார்த்துவைத்திருக்கும் அந்தக் காரை, கையிலிருக்கும் அந்தக் காசுக்கு வாங்கவேண்டாம். இரண்டும் வேறு வேறு கதை. முதலில் அப்பாவின் பயத்தைப் பற்றிக் கதைப்போம்.

நான் இந்த நாட்டுக்கு வந்து வாங்கிய முதல் கார் ஒரு பழைய வொல்வோ 240. பின்சில்லுக் கார். பனிக்குள்ளேயே பிறந்து வளர்ந்த சுவீடன்காரர் அதை அப்படித்தான் செய்தார்கள். ஆறு பனிக்காலம் ஓடினேன். முதலாவது பனிக்காலத்தில் இரண்டு தரம் வீதியோரக் கானுக்குள் இறங்கினேன். அடுத்த ஐந்திலும் ஒருதரம்கூட இறங்கவில்லை. இடையில் மாறியது நாலு ரயர். என் கையும் கொஞ்சம் பழகியிருக்கும், அது உண்மை. ஆனால் பெரிய மாற்றம் ரயர்தான். ஒன்ராறியோப் பொலிஸ்காரர் எத்தனையோ வருடம் ஓடித்திரிந்த க்ரௌன் விக்ரோரியாவும் பின்சில்லுக் கார்தான். 2011 செப்ரெம்பர் வரை அதைச் செய்ததும் இந்த மாகாணத்தில்தான், சென்ற் தோமஸ் நகரத்துக்குக் கிட்ட. அப்பா யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்றால் அவர் ஏறிய வாடகைக் கார்களை நினைவுபடுத்திப் பாருங்கள். ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், எல்லாம் பின்சில்லு. பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் இருமி இருமி ஓடி, மாரிகாலச் சேற்றையும் கடந்து ஆட்களைக் கொண்டுபோய்ச் சேர்த்த வண்டிகள் அவை.

அதற்காக அப்பா பிழை என்று சொல்லமாட்டேன். அவர் இங்கே வந்த காலத்தில் பார்த்தது பெரிய இயந்திரமும் பாரமில்லாத பின்பக்கமும் கொண்ட கார்கள், தேய்ந்த ஓல்-சீசன் ரயர், கார் வழுக்கும்போது தானாகப் பிறேக் பிடித்துக் காப்பாற்றும் எந்தக் கருவியும் இல்லாத நிலை. அவை பம்பரம் மாதிரித்தான் சுற்றின. காரைத் தடத்தில் பிடித்துவைக்கும் ஸ்ரெபிலிற்றி கொன்ரோலை, 2011 செப்ரெம்பர் முதலாம் திகதிக்குப் பிறகு செய்யப்படும் ஒவ்வொரு சின்ன வாகனத்திலும் கட்டாயமாக்கியது கனடா. நீங்கள் பார்க்கும் காரில் அது இருக்கிறது. அப்பாவின் அனுபவத்தில் அது இல்லை.

பின்சில்லு எங்கே கஷ்டம் தரும் என்பதை வடிவாக விளங்கிக்கொள்ளுங்கள். உங்கள் கொறோலாவின் இயந்திரமும் கியர்ப்பெட்டியும் இழுக்கிற சில்லுகளுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கின்றன. காரின் பாரத்தில் ஏறக்குறைய 60 வீதம் முன்னே. ரொயோட்டா 86 இல் முன்னே 53, பின்னே 47. அதாவது தள்ளுகிற சில்லுகளை நிலத்தோடு அழுத்துவதற்குக் கொறோலாவை விடக் குறைந்த பாரமே இருக்கிறது. சிவப்பு விளக்கில் நின்று புறப்படும்போதும், பனி மூடிய ஏற்றத்தில் ஏறும்போதும் அது தெரியும். தெரிவது அங்கேதான். நிற்பாட்டுவது நாலு சில்லும். வளைவில் பிடித்துக்கொள்வது நாலு சில்லும். மக்கோவன் வீதி இறக்கத்தில் முன்னே ஒரு பஸ் திடீரென்று நிற்கும்போது உங்களைக் காப்பாற்றுவது எந்தச் சில்லு தள்ளுகிறது என்பதல்ல, அந்தச் சில்லில் என்ன ரப்பர் இருக்கிறது என்பதுதான். நாலு சில்லும் இழுக்கிற எஸ்யுவி வைத்திருப்பவர்கள் பனி நாளில் கானுக்குள் கிடப்பதை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். அந்த வண்டி நன்றாகப் புறப்படும், அந்தத் தைரியத்தில் வேகமாகப் போவார்கள், நிற்பாட்டும்போது அதற்கும் மற்ற வண்டிக்கும் வித்தியாசம் இல்லை.

ஆகவே ரயர். 2017 மொடல் 86 கொம்பனியிலிருந்து வந்தது மிஷ்லின் பிறைமசி எச்பி என்ற ரயரோடு. அது கோடைகால ரயர். ஏழு பாகைக்குக் கீழே குளிர் இறங்கினால் அந்த மாதிரி ரப்பர் இறுகத் தொடங்கும். உறைநிலைக்குக் கீழே கடும் பிளாஸ்ரிக் போல ஆகிவிடும். பனி விழவே தேவையில்லை. நவம்பர் மாதத்துக் காய்ந்த வீதியில், அதிகாலை ஆறு மணிக்கு 401 ஹைவேயில் ஏறும் வளைவில், அது வழுக்கும். கியூபெக்கில் டிசெம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் அப்படி இல்லை, அதனால்தான் இங்கே எத்தனையோ பேர் "இந்த வருடம் பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். நீங்கள் தள்ளிப்போடக்கூடாது. பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலைக்குள் பனிப்பூ வரைந்த சின்னம் இருக்கவேண்டும். எம்+எஸ் என்ற எழுத்து மட்டும் இருந்தால் அது கோலத்தைப் பற்றிய அடையாளமே தவிர, பனியில் ஓட்டிச் சோதித்ததற்கு அத்தாட்சி அல்ல.

இனி உங்கள் கொறோலா செட். கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான், ஏனென்றால் இதில் பாதி நல்ல செய்தி, பாதி ஆபத்து. கொறோலாவுக்கும் 86 க்கும் ஐந்து போல்ட், 100 மி.மீ வட்டம், இரண்டும் ஒன்றே. பார்த்தால் போடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் 86 இன் அடித்தளம் சுபாருவின் வேலை. நடுவில் நிற்கும் ஹப் 56.1 மி.மீ, கொறோலா றிம்மின் நடு ஓட்டை 54.1. இரண்டு மில்லிமீற்றர் இடிக்கும், றிம் முழுதாக உள்ளே போய் உட்காராது. நட்டும் வேறு: மரைக்கு மரை இடைவெளி கொறோலாவில் 1.5 மி.மீ, 86 இல் 1.25. பழைய நட்டைக் கன் வைத்து இறுக்கினால் போல்ட்டின் மரை போய்விடும். ஹைவேயில் சில்லுக் கழன்றுபோகும் வேலை இது. வீட்டு வாசலில் வைத்து நீங்களோ நண்பரோ முயற்சி செய்யவேண்டாம்.

நல்ல செய்தி: றிம் ஆகாது, ரயர் ஆகும். 205/55 ஆர்16 என்பது 86 க்குப் பொருத்தமான பனிக்கால அளவு. கொம்பனி தந்த 215/45 ஆர்17 ஐ விடச் சற்று ஒடுக்கம், சுற்றளவு ஒரு வீதம்தான் கூட. ஒடுங்கிய ரயர் சகதிப்பனியை வெட்டிக்கொண்டு நிலத்தைத் தேடும். அகலமான ரயர் அதன்மேல் மிதக்கும். பக்கச் சுவர் உயரம் கூட என்பதால் மார்ச் மாதக் குழிகளில் றிம் வளைவதும் குறையும். ஆகவே சுபாரு இம்பிரெசாவின் 16 அங்குல இரும்பு றிம் நாலை உடைப்புக்கார் யார்டில் தேடுங்கள். அதே ஐந்து போல்ட், அதே 56.1 ஓட்டை. (அந்த 86 இல் பெரிய பிறெம்போ பிறேக் பூட்டியிருந்தால் 16 அங்குலம் போகாது, முதலில் அதைப் பாருங்கள்.) உங்கள் ரயரில் பள்ளம் நாலு மி.மீக்குக் குறையாமல் இருந்தால், பக்கச் சுவரில் உள்ள டிஓடி எண்ணின் கடைசி நாலு இலக்கத்தை (ரயரைச் செய்த வாரமும் வருடமும்) பார்த்து ஆறு வயதுக்குள் என்றால், அவற்றைக் கழற்றி இந்த றிம்மில் பூட்டச் சொல்லுங்கள். கழன்ற கொறோலா றிம்மை விற்காமல் வைத்திருங்கள், காரணம் பிறகு சொல்கிறேன். பூட்டி 100 கி.மீ ஓடியதும் நட்டுகளை, அளவோடு இறுக்கும் ரோர்க் றென்ச்சால் திரும்ப இறுக்கவேண்டும். எங்கள் கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் அதற்குத் திரும்பி வருவதில்லை, அது எனக்குப் பெரிய கவலை.

மணல் மூட்டை வேண்டாம். பிக்கப் வண்டியில் பின்சில்லுக்கு நேர் மேலே கட்டிவைத்தால் அதில் பயன் உண்டு. 86 இன் டிக்கி பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது. அங்கே 40 கிலோவை வைத்தால், வழுக்கத் தொடங்கிய பின்பக்கம் ஊஞ்சல் மாதிரி இன்னும் வீசும். விபத்து நடந்தால் அந்த மூட்டை உங்கள் முதுகை நோக்கி வரும். சின்னச் சவள் ஒன்று, ஒரு பை பூனை மணல், சாக்கு ஒன்று வைத்திருங்கள். சிக்கிக்கொண்டால் சில்லுக்கு முன்னால் போடத்தான்.

ஓடுவது பற்றி ஒன்றிரண்டு. கொறோலாவில் பழகிய கால் இங்கே ஒரு இடத்தில் உங்களைக் காட்டிக்கொடுக்கும். வழுக்கலில் வேகத்தைக் குறைக்க கியரை இறக்கி கிளச்சைச் சட்டென்று விட்டால், கொறோலாவில் முன்சில்லுத்தான் பிடிக்கும், கார் நேரே போகும். இதில் பின்சில்லு மட்டும் பிடிக்கும், கைப்பிறேக் இழுத்ததுபோல். பின்பக்கம் முன்னுக்கு வரப் பார்க்கும். பனி வீதியில் வேகத்தைக் குறைப்பது பிறேக்கின் வேலை, நாலு சில்லுக்கும் அது பங்கிடும். கியரைப் பிறகு மாற்றுங்கள், கிளச்சை மெல்ல விடுங்கள். பின்பக்கம் நழுவினால் எக்சிலறேற்றரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள், கண் போகவேண்டிய இடத்தைப் பார்க்கட்டும், கை தானாக அந்தப் பக்கம் திரும்பும். சில்லு வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் ட்ராக்ஷன் கொன்ரோலை ஓட்டத்தில் நிறுத்தவே வேண்டாம். நின்ற இடத்தில் புதைந்துபோனால் மட்டும் அந்தப் பொத்தானை அழுத்தி, முன்னும் பின்னும் அசைத்து வெளியே வந்தபிறகு திரும்பப் போடுங்கள்.

இதைப் பழகுவதற்கென்று இரவில் பிளாசா வாகனத் தரிப்பிடத்துக்குப் போகவேண்டாம். ஒன்ராறியோவின் ஸ்ரண்ற் டிரைவிங் (சாகச ஓட்டம்) சட்டம் இப்போது தரிப்பிடங்களுக்கும் பொருந்தும். அந்த இடத்திலேயே 30 நாளுக்கு லைசன்ஸும் 14 நாளுக்குக் காரும் போய்விடும். அதன்பிறகு இன்சூரன்ஸ் உங்களைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும். பனிக்கால ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. ஒரு நாள் காசு கட்டி, உங்கள் சொந்தக் காரோடு போங்கள்.

இனி அந்தக் குறிப்பிட்ட கார். உயரம் குறைத்தது என்றீர்களே, அதுதான் என்னை நிறுத்தியது. கொம்பனி உயரத்திலேயே இந்தக் காரின் அடிப்பாகத்துக்கும் வீதிக்கும் இடையில் 130 மி.மீ அளவுதான். அதில் இன்னும் மூன்று சென்ரிமீற்றர் குறைத்திருந்தால், நகரசபையின் பனி தள்ளும் வண்டி உங்கள் டிரைவ்வே வாசலில் தள்ளிவிட்டுப் போகும் பனிவரம்பை ஒவ்வொரு காலையும் முன் பம்பரால் உழவேண்டி வரும். காலை ஏழு மணி வேலைக்கு நீங்கள் கிளம்புவது ஆறு மணிக்கு முன்னர், பக்கத்து வீதிகளுக்கு வண்டி வராத நேரம். 2022 ஜனவரி 17 போன்ற நாளில், ரொறன்ரோவின் பெரிய ஹைவேக்களான டொன் வலி பார்க்வேயையும் கார்டினரையுமே மூடிய நாளில், எந்தக் காரும் உதவாது, அதை விடுங்கள். வருடத்தில் பதினைந்து இருபது நாள் வருகிற சாதாரணப் பனிதான் உங்கள் கணக்கு. மேலும், உயரம் குறைத்தபின் சில்லுகளின் சாய்வை (எலைன்மென்ற்) சரிசெய்யாத கார்களில் பின் ரயரின் உள்விளிம்பு தேய்ந்து கம்பி தெரியும். வெளியிலிருந்து பார்க்க நல்ல ரயர் போல இருக்கும். கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள்.

காசுக் கணக்கைப் பாருங்கள். தனியாரிடம் வாங்கினாலும் பதிவுசெய்யும்போது 13 வீத வரி உண்டு. கொடுத்த விலை, பாவித்த கார்களின் விலைப் புத்தகமான ரெட் புக்கில் உள்ள மொத்த வியாபார விலை, இரண்டில் எது கூடவோ அதற்கு. 19,500 இன் மேல் வரி 2,535. அந்த இடத்திலேயே 22,035 ஆகிவிட்டது, உங்கள் சேமிப்பைத் தாண்டிவிட்டது. இன்னும் பழைய உயரத்துக்கு ஸ்பிறிங் மாற்றவில்லை. 96,000 கி.மீ அளவில் வரும் ஸ்பார்க் பிளக் மாற்றமும் உங்கள் தலையில். இந்த இயந்திரத்தின் சிலிண்டர்கள் படுத்துக்கிடப்பவை, பிளக் இருப்பது பக்கவாட்டில், காரின் இரும்புச் சட்டத்துக்கு ஒட்டி. கை போகாமல் சில நேரம் இயந்திரத்தைச் சற்றுத் தூக்கவேண்டியிருக்கும். கூலி கொறோலாக் கூலி அல்ல.

என் ஆலோசனை: 15,500 க்கு மேல் போகாத, உயரம் மாற்றாத, 2014 முதல் 2016 வரையான, ரொயோட்டாவின் சயன் எஃப்ஆர்-எஸ் ஒன்றைத் தேடுங்கள். பெயர்தான் வேறு, கார் ஏறக்குறைய இதுவேதான். 2017 இல்தான் இங்கே ரொயோட்டா 86 என்று பெயர் மாறியது. வரியோடு 17,515. மிச்சம் 2,485 ஐத் தொடாமல் வைத்திருங்கள், முதல் வருடத் திருத்த வேலைகளுக்கு அது கையில் இருக்கட்டும். 2013 மொடல் வந்தால் ஒரு கேள்வி கேட்கவேண்டும்: வால்வ் ஸ்பிறிங்குக்காக 2018 இல் அந்த வருடக் கார்களைத் திருப்பி அழைத்தார்கள், அது செய்தாயிற்றா, செய்தபின் எவ்வளவு ஓடியிருக்கிறது? இயந்திரத்தை இறக்கிச் செய்கிற வேலை அது, செய்தவர் கை சுத்தமாக இருந்திருக்கவேண்டும். எந்தக் கார் என்றாலும் விற்பவர் பாவித்த வாகனத் தகவல் பொதியைத் தரவேண்டும், சட்டம். அதைப் பார்த்தபின், காசு கொடுக்கமுன், உங்களுக்குத் தெரிந்த ஒரு கராஜில் காரைத் தூக்கிப் பாருங்கள். காலையில், இயந்திரம் குளிர்ந்திருக்கும்போது, முதலாம் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றிப் பாருங்கள். கொஞ்சம் இறுக்கமாகப் போவது இந்தக் கியர்ப்பெட்டியின் சுபாவம், எண்ணெய் சூடானதும் இளகும். சூடானபிறகும் கிறீச்சிட்டால் விட்டுவிடுங்கள்.

வாங்கியபின் உப்போடு சண்டை. இந்தக் காருக்கு எமன் பனி அல்ல, உப்பு. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அடிப்பாகத்துக்கு எண்ணெய்த் தெளிப்பு, பனிக்காலத்தில் குளிர் சற்று விடும் நாட்களில் அடிப்பாகத்தைக் கழுவுதல், வசந்தத்தில் பிறேக் கலிப்பரைக் கழற்றிச் சுத்தம்செய்து கிறீஸ் வைத்தல். இது மூன்றும் செய்தால் பத்து வருடம் ஓடலாம்.

இன்சூரன்ஸை ஒரு வரியில் முடிக்கிறேன்: காரின் அடையாள எண்ணை (விஐஎன்) கொடுத்து விலை கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள், வின்ரர் ரயருக்கான கழிவை மறக்காமல் கேளுங்கள், 2016 ஜனவரியிலிருந்து அதைத் தருவது இங்கே கட்டாயம்.

கடைசியாக வைத்திருந்தது அம்மாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அது ஒரு வரிதான், ஆனால் நான் அதைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இந்தக் காரின் இருக்கை கொறோலாவை விட மிகவும் கீழே. ஏறுவதென்றால் விழுவது போலப் போய் உட்காரவேண்டும், எழும்புவதென்றால் முழங்காலில் முழுப் பாரமும். கதவு நீளமானது, கிளினிக் வாசலில் இரண்டு கார்களுக்கு நடுவில் அது பாதிதான் திறக்கும். அந்த இடுக்குக்குள், சப்பாத்தில் பனிச்சகதியோடு, முழங்கால் வருத்தக்கார ஒரு மனுசி. எங்கள் அம்மாமார் மகன் ஆசைப்பட்ட கார் என்றால் நோவைச் சொல்லமாட்டார்கள். "பரவாயில்லை ராசா" என்று ஏறுவார்கள். பிறகு டொக்ரரிடம் போகும் நாளையே தள்ளிப்போடுவார்கள்.

அதனால் கொறோலாவை இப்போது விற்காதீர்கள். இவ்வளவு பழைய காருக்குச் சந்தையில் கிடைக்கப்போகும் காசு, அது உங்கள் வீட்டில் நிற்பதன் பெறுமதிக்கு ஈடாகாது. இரண்டு காரையும் ஒரே பொலிசியில் போட்டால் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டுக்கும் சேர்த்துக் கட்ட இயலுமானால், அம்மாவின் பயணங்களுக்கும் கடும் பனி நாட்களுக்கும் கொறோலா நிற்கட்டும், கழற்றிவைத்த கொறோலா றிம்முக்கு இன்னொரு நாலு ஸ்னோ ரயர் பார்த்து வாங்கலாம். கட்ட இயலாது என்றால், இரண்டு வருடம் பொறுங்கள் என்றுதான் சொல்லுவேன். உங்களுக்கு 29 வயதில் இன்சூரன்ஸும் இறங்கியிருக்கக்கூடும், சேமிப்பும் கூடியிருக்கும், இந்தக் கார்கள் அப்போதும் சந்தையில் இருக்கும்.

எப்படியும், எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டு தரம் ஏறி இறங்கச் சொல்லுங்கள், அவர் சொல்வதைக் கேட்காமல் முகத்தைப் பாருங்கள். வாங்குவது என்று முடிவானால் ரயர் மாற்றுவதற்கு ஒக்ரோபர் கடைசிக்குள் ஒரு நாளைப் பதிந்துவிடுங்கள். முதல் பனி விழுந்த மறுநாள் ஸ்காபரோவில் எந்தக் கராஜிலும் இடம் இருக்காது.